கதை சொன்னால் கட்டுரை ஆகுமா?

பி.காம். முதலாண்டு செமஸ்டர் தேர்வு. பகுதி இரண்டு, ஆங்கிலத் தாள். கடைசிப் பிரிவில் பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று: ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் வரும் ஷைலக் கொடியவனா, கொடுமைக்கு ஆளானவனா?

கேள்வியைப் படித்ததும் பெரும்பாலான மாணவர்களின் பேனா ஒரே மாதிரிதான் ஓடத் தொடங்கும். ஷேக்ஸ்பியர் 1564-ல் ஸ்ட்ராட்ஃபோர்டில் பிறந்தார். அவர் உலகப் புகழ்பெற்ற நாடக ஆசிரியர். வெனிஸ் நகரில் அந்தோனியோ என்று ஒரு வணிகன் இருந்தான். அவனுக்கு பஸ்ஸானியோ என்று ஒரு நண்பன்... இப்படியே மூன்று பக்கம் கதை ஓடும். தங்கப் பெட்டி, வெள்ளிப் பெட்டி, ஈயப் பெட்டி எல்லாம் வரும். மோதிரம் வரும். கல்யாணம் நடக்கும். கடைசியில், 'ஆகவே ஷைலக் ஒரு கொடியவன்' என்று ஒரு வரி. அடியில் இரண்டு கோடு. கட்டுரை முடிந்தது!

மார்க் வந்த பிறகுதான் புலம்பல். "மூணு பக்கம் எழுதினேன், நாலு மார்க்தான் போட்டிருக்காங்க. நமக்கு இங்கிலீஷ் வராதுடா." தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு கல்லூரிக்கு வந்த மாணவர்கள் இந்த முடிவுக்கு மிகச் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். அரியர் விழுந்துவிட்டால் அந்த முடிவு இன்னும் உறுதியாகிவிடுகிறது. பிறகு நேர்முகத் தேர்வு, வேலை என்று போகும் இடமெல்லாம் அந்த எண்ணம் கூடவே வருகிறது.

ஆனால் அந்த மூன்று பக்கத்தில் குறைந்தது ஆங்கிலம் அல்ல, பதில்தான். கேட்டது ஒரு தீர்ப்பு. எழுதியது ஒரு கதை!

பொழிப்புரையும் விளக்கவுரையும்

இலக்கியக் கட்டுரை என்பது ஏதோ இங்கிலாந்திலிருந்து வந்த புதிய வித்தை, அதற்கு ஆங்கிலப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இந்தப் பயம் தேவையில்லாதது.

திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையைப் பள்ளியில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். தமிழ் வகுப்பில் பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாட்டு என்ன சொல்கிறது என்று திரட்டிச் சொன்னால் அது பொழிப்புரை. ஏன் அந்தச் சொல்லை அங்கே போட்டார், அதற்குப் பதில் வேறு சொல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆராய்ந்தால் அது விளக்கவுரை. ஆங்கிலத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி கேட்பது இந்த இரண்டாவதைத்தான். மாணவர்கள் எழுதிக் கொடுப்பதோ முதலாவதை.

பட்டிமன்றத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 'கற்பில் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா?' என்று தலைப்பு வைத்தால், மேடையேறும் பேச்சாளர் சிலப்பதிகாரத்தின் கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல்லிவிட்டு இறங்கிப் போவாரா? போனால் கூட்டம் சும்மா இருக்குமா? முதலில் தன் கட்சியைச் சொல்வார். பிறகு ஒவ்வொரு காட்சியாகச் சான்று காட்டுவார். எதிரணி என்ன சொல்லும் என்பதையும் தானே எடுத்துச் சொல்லி அதற்குப் பதில் கொடுப்பார். நடுவர் கடைசியில் தீர்ப்பு சொல்வார். ஷைலக் கேள்வியும் பட்டிமன்றத் தலைப்புதான். தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையும் புதிதல்ல. பம்மல் சம்பந்த முதலியார் இதே நாடகத்தை 'வாணீபுர வணிகன்' என்று தமிழ் மேடைக்குத் தழுவி எழுதியிருக்கிறார்.

ஆக, முறை ஏற்கெனவே கையில் இருக்கிறது. தேர்வு அறையில் அதை எடுத்துப் பயன்படுத்தத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மார்க் எதற்குக் கிடைக்கிறது?

"அழகான ஆங்கிலத்தில் எழுதினால்தான் மார்க்" என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 16 வயது மாணவர்கள் எழுதும் தேர்வு ஜி.சி.எஸ்.இ. அங்கே ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தின் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்தில் 2017-ல் முதல் தேர்வு நடந்தது. ஷேக்ஸ்பியர் கேள்விக்கு மொத்தம் 34 மதிப்பெண். 'வெனிஸ் வணிகன்' அதற்கான நாடகங்களில் ஒன்று. அந்த 34-ல் சொல்வளம், வாக்கிய அமைப்பு, எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி இவ்வளவுக்கும் சேர்த்து 4 மதிப்பெண்தான்! மீதி 30 மதிப்பெண்ணும் கேள்விக்கு நூலிலிருந்து சான்று காட்டிப் பதில் சொல்வதற்கும், ஆசிரியர் அதை எப்படி எழுதியிருக்கிறார் என்று ஆராய்வதற்கும், அந்தக் காலச் சூழலோடு பொருத்திப் பார்ப்பதற்கும்.

ஆங்கிலம் பிறந்த ஊரிலேயே கணக்கு இப்படித்தான் இருக்கிறது. இங்கே விடைத்தாளில் இப்படிப் பிரித்துக் காட்டுவது பொதுவாக இல்லை என்றாலும், படித்துப் பார்க்கும் ஆசிரியர் முதலில் தேடுவது கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்பதைத்தான்.

இன்னொன்று. இது தமிழ் மாணவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கலும் அல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர், கவிஞர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மட்டும் கொடுத்து, படித்தவர்களைக் கருத்து எழுதச் சொன்னார். அந்த அனுபவத்தை 1929-ல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்ற நூலாக வெளியிட்டார். பெரிய பெயரும் பிறர் சொன்ன கருத்தும் கைக்குக் கிடைக்காதபோது, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள்கூட நிறையத் தடுமாறினார்கள் என்பது அதில் தெரிகிறது. கைடு இல்லாமல் சொந்தமாகப் படித்துத் தீர்ப்புச் சொல்வது எந்த ஊரிலும் பழகித்தான் வர வேண்டியிருக்கிறது.

ஒரு விடையைக் கட்டிப் பார்க்கலாம்

சரி, ஷைலக் கேள்விக்கு எப்படி எழுதுவது? பள்ளியில் தமிழ்க் கட்டுரைக்குச் சொன்ன முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற அதே அமைப்பு போதும். ஒவ்வொன்றிலும் என்ன வைக்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம்.

*முன்னுரை.* ஷேக்ஸ்பியர் பிறந்த ஆண்டு வேண்டாம். முதல் இரண்டு மூன்று வரிக்குள் தீர்ப்பு வந்துவிட வேண்டும். 'ஷைலக் கொடுமை செய்கிறான். ஆனால் அந்தக் கொடுமையை அவன் கற்றுக்கொண்டது வெனிஸ் நகரத்திடம்.' இதை ஆங்கிலத்தில் எழுதப் பெரிய புலமை வேண்டுமா? 'ஷைலக் இஸ் க்ரூயல், பட் வெனிஸ் டாட் ஹிம் டு பி க்ரூயல்.' அவ்வளவுதான். பத்தே சொல். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலம்.

*முதல் பத்தி.* முதல் அங்கம், மூன்றாம் காட்சி. அந்தோனியோ தன் நண்பனுக்காக 3000 டக்கட் கடன் கேட்டு ஷைலக்கிடம் வருகிறான். தன்மேல் எச்சில் துப்பியதையும், நாய் என்று திட்டியதையும் ஷைலக் நினைவுபடுத்துகிறான். அந்தோனியோ மன்னிப்புக் கேட்கவில்லை. இனிமேலும் அப்படித்தான் செய்வேன் என்கிறான்! கடன் வாங்க வந்தவன் பேசுகிற பேச்சா இது? மூன்று மாதத்தில் பணம் வராவிட்டால் ஒரு பவுண்டு சதை என்ற பத்திரம் இந்தப் பேச்சுக்குப் பிறகுதான் எழுதப்படுகிறது. பகை எங்கே தொடங்கியது என்பதற்கு இந்தக் காட்சி சான்று.

*இரண்டாம் பத்தி.* மூன்றாம் அங்கம், முதல் காட்சி. மகள் ஜெசிக்கா பணத்தோடும் நகையோடும் ஓடிப்போன பிறகு ஷைலக் பேசும் புகழ்பெற்ற வசனம். யூதனுக்கும் கண் இல்லையா, அடிபட்டால் வலிக்காதா என்ற பொருளில் கேள்வி மேல் கேள்வியாக அடுக்குகிறான். பல கைடுகள் இதோடு நிறுத்தி 'மனிதநேயம்' என்று தலைப்புப் போட்டுவிடும். ஆனால் அந்த வசனம் பழிவாங்குவதில் போய் முடிகிறது. நீங்கள் கற்றுக் கொடுத்ததைத்தான் நான் செய்கிறேன் என்பது அவன் வாதம். முன்னுரையில் சொன்ன தீர்ப்புக்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது. இங்கே ஷேக்ஸ்பியர் செய்யுளை விட்டுவிட்டு உரைநடையில், அடுக்கடுக்கான கேள்விகளாக எழுதியிருக்கிறார் என்பதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். கதை தெரிந்தவனுக்கும் நாடகத்தைப் படித்தவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

*மூன்றாம் பத்தி.* இது எதிர்க்கட்சிக்கு. ஷைலக் அப்பாவி என்று சொல்லிவிட முடியாது. நான்காம் அங்கத்து நீதிமன்றத்தில் இரண்டு மடங்கு பணம் தருகிறோம் என்றாலும் மறுக்கிறான். கத்தியைத் தீட்டுகிறான். அந்தோனியோ ரத்தம் சிந்திச் சாகாமலிருக்க ஒரு வைத்தியரை நிறுத்து என்று போர்ஷியா கேட்கும்போது, அது பத்திரத்தில் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறான். கொடுமை இதுதான், மறைக்கத் தேவையில்லை. எதிர்ச்சான்றை ஒளித்து வைத்த கட்டுரையை யாரும் நம்ப மாட்டார்கள்.

*நான்காம் பத்தி.* சற்று நேரத்தில் போர்ஷியா என்ன செய்கிறாள்? பத்திரத்தில் சதை என்றுதான் இருக்கிறது, ரத்தம் இல்லை என்கிறாள். ஷைலக் பிடித்துக்கொண்ட அதே எழுத்து இப்போது அவன் கழுத்துக்கே வருகிறது. சற்று முன்பு இரக்கத்தைப் பற்றி அழகாகப் பேசிய அதே சபை, அவன் சொத்தில் பாதியைப் பறித்து, மதம் மாற வேண்டும் என்றும் நிபந்தனை போடுகிறது. இரக்கம் இங்கே யாரிடம் இருந்தது?

*முடிவுரை.* முன்னுரையைத் திரும்ப எழுதுவது முடிவுரை ஆகாது. இவ்வளவு சான்றுக்குப் பிறகு என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். 'ஷைலக்கும் அவனைத் தண்டித்தவர்களும் ஒரே சட்டத்தை ஒரே மாதிரிதான் பிடித்துக்கொண்டார்கள். வென்றது இரக்கம் என்று நாடகத்தில் பேசப்படுகிறது. நடந்ததைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.' இரண்டு வரி போதும்.

இந்த விடையில் பெட்டிகளும் இல்லை, மோதிரமும் இல்லை. அவை அருமையான காட்சிகள்தான், ஆனால் இந்தக் கேள்விக்குத் தேவைப்படவில்லை. எதை விடுவது என்று தெரிவதுதான் கட்டுரையில் பாதி வேலை. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று சும்மாவா சொன்னார்கள்!

வேறொரு மாணவி ஷைலக் கொடியவன்தான் என்று முடிவு செய்து, இதே காட்சிகளை வேறு வரிசையில் அடுக்கி எழுதலாம். அதுவும் சரியான விடைதான். சான்று இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

24 நிமிடக் கணக்கு

பல கல்லூரிகளில் இருந்துவரும் வினாத்தாள் முறை இது: மூன்று மணி நேரம், 75 மதிப்பெண். இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, ஐந்து மதிப்பெண் ஐந்து, பத்து மதிப்பெண் மூன்று. 180 நிமிடத்தை மதிப்பெண் விகிதத்தில் பிரித்தால் ஒரு பத்து மதிப்பெண் கட்டுரைக்கு 24 நிமிடம் கிடைக்கும். வணிகவியல் மாணவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பெரிதல்ல. ஆனால் தேர்வு அறையில் யாரும் போடுவதில்லை!

அந்த 24-ல் முதல் 4 நிமிடம் பேனா விடைத்தாளில் ஓடக் கூடாது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் தீர்ப்பை ஒரு வரி, காட்சிகளை நான்கு சொல் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு 17 நிமிடம் எழுத்து. மீதி 3 நிமிடம் திரும்பப் படித்துப் பார்க்க. பக்கத்து பெஞ்சில் 'அடிஷனல் ஷீட்' கேட்டு ஒருவர் எழுந்து நிற்கும்போது அந்த 4 நிமிடம் சும்மா இருப்பது கஷ்டம்தான். ஆனாலும் அந்த 4 நிமிடத்தில்தான் கட்டுரை உருவாகிறது.

"பாஸ் பண்ணினால் போதாதா?"

இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களையும் பார்க்க வேண்டும்.

முதல் காரணம்: "பி.காம். மாணவனுக்கு ஷேக்ஸ்பியர் எதற்கு? கைடில் இருக்கும் பத்துக் கட்டுரையை டப்பா அடித்தால் பாஸ் ஆகிவிடலாம்." உண்மைதான், பாஸ் ஆகிவிடலாம். கேள்வி அப்படியே வந்தால். 'ஷைலக்கின் குணச்சித்திரம்' என்று மனப்பாடம் செய்தவனிடம் 'போர்ஷியா வழங்கியது நீதியா?' என்று கேட்டுவிட்டால்? தெரிந்த கட்டுரையையே திரும்ப எழுதிவிட்டு வருவதைத் தவிர வழியில்லை. விடிய விடிய ராமாயணம் கேட்டுவிட்டு சீதைக்கு ராமன் சித்தப்பா என்ற கதைதான். நான்கு காட்சியை நன்றாகப் படித்து வைத்திருப்பவனுக்கோ கேள்வி எப்படித் திரும்பினாலும் அதே நான்கு காட்சி கைகொடுக்கும். பத்துக் கட்டுரை மனப்பாடம் செய்வதைவிட இதற்கு நேரமும் குறைவு.

இரண்டாவது காரணம்: "இப்படி ஒரு அச்சு வைத்து எழுதினால் எல்லோர் கட்டுரையும் ஒரே மாதிரி ஆகிவிடாதா?" இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கருத்து, சான்று, விளக்கம் என்று எந்திரம்போல எழுதப்பட்ட கட்டுரைகளும் உண்டு. ஆனால் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோலத்தான் இது. ஒரே புள்ளியில் ஆளுக்கு ஒரு கோலம் போடலாம். கை பழகிய பிறகு புள்ளி இல்லாமலும் போடலாம். கைடிலிருந்து எழுதியவர்களின் விடைதான் வார்த்தைக்கு வார்த்தை ஒரே மாதிரி இருக்கிறது.

மூன்றாவது காரணம் ஆசிரியர்கள் பக்கம் இருந்து வருவது: "அறுபது எழுபது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவருக்கும் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுக்க நேரம் எங்கே?" இதுவும் நியாயமான கஷ்டம்தான். ஆனால் கதைச் சுருக்கம் சொல்லி முடிக்கும் பல வகுப்புகளில் ஒரே ஒரு வகுப்பை எடுத்து, கரும்பலகையில் ஒரு கேள்விக்குத் தீர்ப்பும் நான்கு சான்றும் மாணவர்களையே சொல்ல வைத்து எழுதிக் காட்டினால் போதும். விவாதம் தமிழில் நடந்தாலும் பரவாயில்லை. வாதம் தெளிவாகிவிட்டால் அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்றுவது அடுத்த வேலை. 'பட்', 'பிகாஸ்', 'திஸ் ஷோஸ் தட்' என்ற மூன்று இணைப்பை வைத்துக்கொண்டே ஒரு நல்ல விடை எழுதிவிடலாம்.

வவுச்சர் இல்லாத செலவு

பி.காம். மாணவர்கள் தணிக்கைப் பாடத்தில் படிக்கும் ஒரு விஷயம் இங்கே அப்படியே பொருந்துகிறது. தணிக்கைத் தரம் 700-ன் திருத்திய வடிவத்தின்படி, தணிக்கையாளரின் அறிக்கையில் முதலில் வருவது அவருடைய கருத்து. அடுத்து அந்தக் கருத்துக்கான அடிப்படை. நிறுவனத்தின் வரலாற்றை மூன்று பக்கம் சொல்லிவிட்டுக் கடைசி வரியில் 'ஆகவே கணக்கு சரி' என்று எந்தத் தணிக்கையாளரும் எழுத மாட்டார். வவுச்சர் இல்லாத செலவை அவர் ஏற்கவும் மாட்டார்.

இலக்கியக் கட்டுரையும் இதே ஒழுங்கைத்தான் கேட்கிறது. முதலில் கருத்து, அடுத்து அடிப்படை, ஒவ்வொரு கருத்துக்கும் நூலிலிருந்து ஒரு வவுச்சர். வணிகவியல் மாணவனுக்கு ஷேக்ஸ்பியர் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கடன், பத்திரம், அசல், நிபந்தனை, வழக்கு என்று அந்த நாடகம் பேசுவதெல்லாம் அவன் பாடம்தான். ஒரு பத்திரத்தின் எழுத்து ஒரு மனிதனை என்ன செய்துவிடும் என்பதை அந்த நீதிமன்றக் காட்சியைப் போல எந்தக் கணக்குப் புத்தகமும் காட்டப் போவதில்லை.

நாளைக்கு வங்கியில் ஒரு கடன் விண்ணப்பத்தை ஏற்கலாமா கூடாதா என்று எழுத வேண்டி வரும். அலுவலகத்தில் தன்மேல் வந்த புகாருக்குப் பதில் எழுத வேண்டி வரும். அங்கே கைடு கிடையாது. என்ன நினைக்கிறாய், ஏன் என்ற இரண்டு கேள்விதான் இருக்கும். அதற்குப் பயந்து 'நமக்கு இங்கிலீஷ் வராது' என்று ஒதுங்கிப் போகிறவர்கள், நல்ல யோசனை கையில் இருந்தும் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். நஷ்டம் பத்து மதிப்பெண்ணோடு நிற்பதில்லை.

ஆகவே அடுத்த செமஸ்டரில் அந்தக் கேள்வி வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான்கு நிமிடம் யோசியுங்கள். ஷைலக் யார் என்று ஷேக்ஸ்பியர் சொல்லிவிட்டார். அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதைத்தான் தேர்வுத்தாள் கேட்கிறது. அதை முதல் வரியிலேயே தைரியமாக எழுதுங்கள்!